"ம்மா"வை அடித்து "ப்பா" என்று எழுதிய பையன்: சின்ன வகுப்பில் தன்பாலீர்ப்பு பற்றிப் பேசலாமா?

ரெண்டாங்கிளாஸ் டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பதினாறு வருஷமா ஒண்ணு, ரெண்டு வகுப்புகளுக்குத்தான் எடுக்கிறேன். பெரிய பிள்ளைகளைக் கண்டாலே எனக்குப் பயம். இந்தக் கேள்வியை ஸ்டாஃப் ரூமில் கேட்டால் ஆளுக்கொரு பக்கம் முறைச்சுக்குவாங்க, அதனால இங்கே கேட்கிறேன். பையன் யாருன்னு தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

"என் குடும்பம்" பாடத்துக்கு வருஷா வருஷம் ஒரே தாள்தான் கொடுப்போம். ஒரு வீடு, நாலு ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே அச்சடிச்சிருக்கும்: அம்மா, அப்பா, நான், தம்பி அல்லது தங்கை. பிள்ளைங்க முகம் வரைஞ்சு கலர் அடிக்கணும். போன மாசம் முப்பது தாளை வரிசையா வச்சுத் திருத்திக்கிட்டிருந்தேன். ஒரு தாளில் "அம்மா"வுல "ம்மா"வை மட்டும் பென்சிலால அடிச்சுட்டு, மேலே "ப்பா"ன்னு எழுதியிருந்தது. ரெண்டு ஜன்னலிலும் அப்பா. ஒருத்தருக்கு மீசை, இன்னொருத்தருக்குக் கண்ணாடி.

நான் யோசிக்கவே இல்லை. கை பழக்கம். சிவப்புப் பேனாவால வட்டம் போட்டு, பக்கத்தில் "அம்மா"ன்னு திருத்தம் எழுதிட்டு அடுத்த தாளுக்குப் போயிட்டேன். எழுத்துப் பிழைன்னே நினைச்சேன்.

மறுநாள் அந்தத் தாள் திரும்பி வந்தது. மீசை வச்ச முகத்தை அழிச்சிருந்தான். அழிச்சு அழிச்சு அந்த ஜன்னல் இருந்த இடத்துல ஓட்டையே விழுந்துடுச்சு. ஏன்டா கண்ணுன்னு கேட்டேன். "நீங்கதானே மிஸ் தப்புன்னு போட்டீங்க"ன்னான். அழல. அழுதிருந்தா எனக்குக் கொஞ்சம் தேவலையா இருந்திருக்கும்.

அப்புறம்தான் ஆபீசுக்குப் போய் அவன் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன். ரெண்டு ஆண்கள் பெயர், ரெண்டு கையெழுத்து. எட்டு மாசமா என் வகுப்பில் இருக்கிற பையன்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். நிர்வாகம் ஒரு படிவம் கொடுத்திருக்கு. அடுத்த வருஷத்திலிருந்து சின்ன வகுப்புகளில் தன்பாலீர்ப்பு பற்றி ஏதாவது சொல்லித் தரலாமா, ஆம் அல்லது இல்லை, காரணம் ரெண்டு வரியில். அந்தப் பையனை நினைச்சா "ஆம்"னு எழுதத் தோணுது. ஆனா நிஜமா சொல்றேன், எனக்கே அந்த வார்த்தையைச் சத்தமாச் சொல்ல வாய் கூசுது. ஆறு வயசுப் பிள்ளைங்க முன்னாடி நான் என்னத்தைச் சொல்லுவேன்? எவ்வளவு சொல்லணும்? பெற்றோர் சண்டைக்கு வந்தா? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க. திட்டுறதா இருந்தாலும் பரவாயில்லை.

மூணு பிள்ளை அப்பா எழுதியது:

டீச்சர், திட்டமாட்டேன். ஆனால் என் பதில் "இல்லை".

யாரையும் வெறுத்துச் சொல்லவில்லை. என் பிள்ளைக்கு எந்த விஷயத்தை எந்த வயதில், எந்தச் சொல்லால் சொல்வது என்பது பெற்றவன் முடிவு. பள்ளிக்கூடம் எழுத்தும் கணக்கும் வரிசையில் நிற்கவும் சொல்லித் தரட்டும். காதல், கல்யாணம், யார் யாரோடு வாழ்வது, இதெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் நம்பிக்கையோடு பின்னிக் கிடக்கிற விஷயம். ஆறு வயதில் பிள்ளை டீச்சர் சொல்வதைத்தான் வேதவாக்காக எடுத்துக்கொள்ளும். "எங்க மிஸ் அப்படித்தான் சொன்னாங்க" என்று என்னிடமே வாதாடும். அந்தச் செல்வாக்கு உங்களுக்கு இருப்பதால்தான் எனக்குக் கவலை.

இது என் ஒருவன் புலம்பல் இல்லை. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் மாண்ட்கோமரி கவுண்டியில் தொடக்கப் பள்ளிகளில் தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் வருகிற கதைப் புத்தகங்களைச் சேர்த்தார்கள். முதலில் பெற்றோருக்குத் தகவல் சொல்லி, வேண்டாம் என்றால் பிள்ளையை வெளியே அனுப்பினார்கள். பிறகு அந்த வசதியை நிறுத்தினார்கள். முஸ்லிம் பெற்றோரும் கிறிஸ்தவப் பெற்றோரும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2025 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்று பெற்றோர் பக்கம் நின்றது.

இன்னொன்று. உங்கள் வகுப்பில் நடந்தது பாடத்திட்டக் கோளாறு இல்லை, தாளின் கோளாறு. நாலு ஜன்னலுக்கும் பெயர் அச்சடித்தது யார்? அம்மா இறந்துபோன பிள்ளை அதில் என்ன எழுதும்? தாளை மாற்றுங்கள். அதற்குப் பாடம் தேவையில்லை.

சும்மா பார்க்க வந்தவன் எழுதியது:

இதெல்லாம் சொல்லிக் கொடுத்தா நல்லா இருக்கிற பிள்ளையும் அப்படி ஆயிடும். நோயைப் பாடமா வைக்கிற காலம் வந்துடுச்சு.

வாய்ப்பாடு எழுதியது:

மேலே எழுதினவருக்கு மட்டும் முதல்ல ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17ல தன் நோய்ப் பட்டியல்லேருந்து இதை எடுத்துடுச்சு. அப்புறம், சொல்லிக் கொடுத்தா ஆயிடும்னா, நான் படிச்ச அத்தனை கதையிலயும் ராஜாவும் ராணியும்தான் இருந்தாங்க. ஒரு கதையிலகூட ராஜாவும் ராஜாவும் இல்லை. நான் ஏன் ராணியைத் தேடிப் போகல?

டீச்சர், இப்போ உங்களுக்கு.

எனக்கு இப்போ நாற்பத்தி மூணு. மூணாம் வகுப்புலயே எனக்குப் பாடம் நடந்துடுச்சு, டீச்சர் நடத்தல, அவ்வளவுதான். காலையில முதல் பீரியட் வாய்ப்பாடு. ஒருத்தன் எழுந்து சத்தமாச் சொல்லணும், மத்தவங்க பின்னாலேயே சொல்லணும். எட்டாம் வாய்ப்பாடு வரைக்கும் நானும் எல்லாரையும் மாதிரிதான். "ஓரொம்போது ஒம்போது"ன்னு ஆரம்பிச்ச உடனே நாற்பது தலையும் என் பக்கம் திரும்பும். என் நடை அப்படி, பேசுறப்போ கை ஆடும். அந்த எண்ணைத் திருநங்கைகளை இழிவா பேசத்தான் வச்சிருந்தாங்க. ஆனா நடை சரியில்லாத எந்தப் பையன் மேலயும் வீசுவாங்க. எனக்கு எட்டு வயசு. அதுக்கு அர்த்தம்கூடத் தெரியாது, வசவுன்னு மட்டும் தெரியும்.

வாத்தியார் திட்டல. பிரம்பைக் கையில வச்சுக்கிட்டு, உதட்டை மூடிக்கிட்டுச் சிரிப்பை அடக்கினார் பாருங்க, அதை நான் பார்த்தேன். வகுப்பும் பார்த்தது. அன்னியிலேருந்து வெளி மைதானத்துலயும் அதே பேர்தான் எனக்கு.

இன்னிக்கும் ஏழெட்டு எவ்வளவுன்னு கேட்டா அம்பத்தாறுன்னு சட்டுன்னு வந்துடும். ஏழொம்போதுன்னா ஒரு நொடி நிக்கும். நான் கணக்குப் பிள்ளையா வேலை பார்க்கிறவன், சிரிச்சுக்கோங்க.

மூணு பிள்ளை அப்பா சார் சொல்றது எனக்குப் புரியுது. ஆனா பள்ளிக்கூடம் இதைத் தொடாம இருக்கட்டும்னு சொல்றப்போ, பள்ளிக்கூடத்துல இது ஏற்கெனவே இல்லைன்னு நினைச்சுக்கிறீங்க. இருக்கு சார். பசங்க நடத்துறாங்க. ரொம்ப மோசமா நடத்துறாங்க.

எனக்குப் புத்தகம் எதுவும் வேண்டியிருக்கல. அந்த வாத்தியார் ஒரே ஒரு தடவை "அது அசிங்கமான பேச்சு, இங்கே யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடக் கூடாது"ன்னு சொல்லியிருந்தா போதும். அதைச் சொல்ல அவருக்கு யாரும் சொல்லித் தரல, அதான்.

தூக்கம் வராத அம்மா எழுதியது:

என் மகள் அஞ்சு வயசுல டிவி செய்தியில ரெண்டு பெண்கள் மாலை மாத்திக்கிறதைப் பார்த்துட்டுக் கேட்டாள். தாய்லாந்துல 2025 ஜனவரியில ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் பண்ணிக்கலாம்ங்கிற சட்டம் நடைமுறைக்கு வந்த அன்னிக்கு. "ரெண்டு பேரும் பொண்ணா இருக்காங்களே?" "ஆமா, அவங்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சிருக்கு, கல்யாணம் பண்ணிக்கிறாங்க." "அப்போ பூ யாருக்கு?" "ரெண்டு பேருக்கும்." "ம்." போயிட்டாள். நான் மட்டும்தான் அன்னிக்கு ராத்திரி தூங்கல, சரியாச் சொன்னேனான்னு.

பள்ளி ஆலோசகர் எழுதியது:

இருபது வருடத்துக்கு மேலாகப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கும், அதைவிட அதிகமாகப் பெற்றோருக்கும் ஆலோசனை சொல்லிக்கொண்டிருப்பவள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், வாய் கூசுகிறது என்கிறீர்களே, அதில் பாதிக் குற்றம் சொல்லில் இருக்கிறது. நாம் வளர்ந்த காலத்தில் இதற்கு இருந்த ஒரே கௌரவமான சொல் "ஓரினச்சேர்க்கை". "சேர்க்கை" என்று சொன்ன உடனேயே கேட்கிறவர் மனசு படுக்கையறைக்குப் போய்விடும். (பள்ளி ஆபீசில் சேர்க்கை என்றால் அட்மிஷன். அது வேறு சேர்க்கை.) பிறகு "இதைப் போய் ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்வதா" என்று அதிர்ச்சி. அந்தச் சொல்லோடு விவாதத்தை ஆரம்பித்தால் யாரும் "இல்லை" என்றுதான் சொல்வார்கள், நானும்தான். "தன்பாலீர்ப்பு" என்கிறபோது யாருக்கு யார் மேல் பிரியம் என்பதுதான் முன்னால் நிற்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021ல் ஒரு பெண் இணையர் பாதுகாப்புக் கேட்டுப் போட்ட வழக்கைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு 2022ல் இழிவில்லாத சொற்களின் பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது.

அந்த வழக்கை இங்கே சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயம் முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகவே ஒத்துக்கொண்டார். ஓர் உளவியல் நிபுணரிடம் நேரம் வாங்கிப் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் உத்தரவை எழுதினார். பள்ளி, கல்லூரிப் பாடங்களில் மாற்றம் வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் இருக்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதியே மாணவராக உட்கார்ந்த இடம் இது. உங்கள் வாய் கூசுவதற்கு நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, ஆறு வயதில் என்ன சொல்வது? யுனெஸ்கோ 2018ல் திருத்தி வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டுதலில் 5 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு உள்ள முதல் கருத்தே, உலகத்தில் பல விதமான குடும்பங்கள் உண்டு என்பதுதான். தாத்தா பாட்டி வளர்க்கிற வீடு, அம்மா மட்டும் இருக்கிற வீடு, ரெண்டு அம்மா இருக்கிற வீடு. அவ்வளவுதான் அந்த வயதுக்கு. ராஜாவும் ராணியும் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று கதை சொல்லும்போது நாம் அதைப் பாலியல் கல்வி என்று நினைப்பதில்லையே. கல்யாணத்துக்குப் பிறகு என்ன என்று எந்த ஆறு வயதுப் பிள்ளையும் கேட்பதில்லை. விருந்தில் என்ன போட்டார்கள் என்றுதான் கேட்கும்.

குடும்பம், உறவு ஒரு பக்கம், பாலியல் கல்வி இன்னொரு பக்கம் என்று இங்கிலாந்தில் சட்டத்திலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். 2020 செப்டம்பரிலிருந்து தொடக்கப் பள்ளிகளில் "உறவுகள்" பற்றிய பாடம் கட்டாயம், அதிலிருந்து பிள்ளையை விலக்க முடியாது. பாலியல் கல்வி தொடக்கப் பள்ளியில் கட்டாயமில்லை, பள்ளி அதை நடத்தினாலும் பெற்றோர் விலக்கிக்கொள்ளலாம். இது சுமுகமாக வந்தது என்று நினைக்க வேண்டாம். 2019ல் பர்மிங்ஹாமில் பள்ளி வாசலில் பெற்றோர் மாதக் கணக்கில் போராடி, கடைசியில் நீதிமன்றம் பள்ளியைச் சுற்றி ஆர்ப்பாட்டத்துக்குத் தடை போடும் அளவுக்குப் போனது. பெற்றோரிடம் முன்கூட்டி உட்கார்ந்து பேசாமல் இதைச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மூணு பிள்ளை அப்பா அவர்களே, நீங்கள் சொன்ன தீர்ப்பு உண்மை. ஆனால் அந்தப் புத்தகங்களை எடுத்துவிடச் சொல்லி அதில் உத்தரவு இல்லை. வழக்கு நடக்கும்வரை பெற்றோருக்கு முன்கூட்டித் தகவல் சொல், விரும்பினால் பிள்ளையை அனுப்பிவிடு என்பதுதான். தகவல் சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்டால் நான் உங்கள் பக்கம்தான். என்ன படிக்கப் போகிறோம், எந்தப் பக்கம், எந்தப் படம் என்று முந்தைய வாரமே பெற்றோரிடம் காட்ட வேண்டும்.

ஆனால் "பேசவே கூடாது" என்பதை ஒரு நாடு செய்து பார்த்துவிட்டது. பிரிட்டனில் 1988ல் பிரிவு 28 என்று ஒன்று கொண்டுவந்தார்கள். பள்ளிகளை நடத்திவந்த உள்ளாட்சி நிர்வாகங்கள் தன்பாலீர்ப்பை "ஊக்குவிக்க" கூடாது என்பது சட்டம். அதன்படி ஒருவர் மீதுகூட வழக்குப் பதிந்து தண்டித்ததில்லை. தேவையும் வரவில்லை, ஏனென்றால் ஆசிரியர்கள் தாங்களாகவே வாயை மூடிக்கொண்டார்கள். எது ஊக்குவிப்பு, எது ஆறுதல் என்று தெரியாததால், ஒரு பையனை மற்றவர்கள் அந்தப் பெயரில் கேலி செய்தால் கண்டிக்கக்கூடத் தயங்கினார்கள். ஸ்காட்லாந்தில் 2000லும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003லும்தான் எடுத்தார்கள். வாய்ப்பாடு தம்பி சொன்ன அந்த வாத்தியாரைச் சட்டம் போட்டு நாடு முழுக்க உருவாக்கினால் எப்படி இருக்கும், அதுதான் அது. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம் இதைப் பாடமாக நடத்த 2022ல் மூன்றாம் வகுப்பு வரை என்று ஆரம்பித்துத் தடை போட்டது. அடுத்த வருடமே மேல் வகுப்புகளுக்கும் நீட்டினார்கள். பேச்சுவாக்கில் சொல்வதை எல்லாம் சட்டம் தடுக்கவில்லை என்று 2024ல் ஒரு வழக்கைச் சமாதானமாக முடிக்கும்போது தெளிவாக்க வேண்டிவந்தது. அதுவரை வகுப்பில் பேச ஆசிரியர்கள் பயந்துகொண்டே இருந்தார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை, டீச்சர். நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் பாடத்தோடு இதை ஒரே நாளில் கலந்துவிடாதீர்கள். சில பள்ளிகள் "எல்லாம் ஒரே மாதிரி விஷயம்தானே" என்று ஒரே மணி நேரத்தில் முடிக்கப் பார்க்கும். பிள்ளை மனதில் ரெண்டும் ஒட்டிக்கொண்டால், ரெண்டு அப்பா இருக்கிற வீடு என்றாலே பயப்படும். அதைப் பிறகு பிரித்து எடுப்பது ரொம்பக் கஷ்டம். நான் பட்டிருக்கிறேன்.

மூணு பிள்ளை அப்பா எழுதியது:

ஆலோசகர் அம்மா, முன்கூட்டிக் காட்ட வேண்டும் என்று நீங்களே சொன்னதற்கு நன்றி. நடைமுறையில் யார் காட்டுகிறார்கள்? எல்லாம் முடிந்த பிறகுதான் சுற்றறிக்கை வருகிறது. கேலியைக் கண்டிப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. வாய்ப்பாடு, உங்கள் வாத்தியார் செய்தது தவறு. என் பிள்ளை அப்படி ஒருவனைப் பார்த்துச் சிரித்தால் நானே முதுகில் ரெண்டு வைப்பேன்.

வாய்ப்பாடு எழுதியது:

அடிக்காதீங்க சார். சொன்னா போதும்.

ரெண்டாங்கிளாஸ் டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத ரெண்டு வாரம் ஆயிடுச்சு, பரீட்சை.

படிவத்துல ஆம், இல்லை ரெண்டையும் டிக் பண்ணல. "குடும்பப் பாடத்துக்குள்ளே சொல்லலாம், தனிப் பாடம் வேண்டாம், முதல்ல எங்களுக்குச் சொல்லித் தாருங்கள், பெற்றோருக்கு முன்னாடியே காட்டுங்கள்"னு எழுதினேன். ரெண்டு வரிக்குள்ள அடங்கல, ஓரத்துல ஏறிப் போச்சு. என்ன ஆகும்னு பார்ப்போம்.

அதுக்கு முன்னாடி பையன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். வகுப்பு முன்னாடிதான், ஏன்னா வகுப்பு முன்னாடிதான் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். "உன் தாள் சரியாத்தான் இருந்தது. மிஸ்தான் தப்பாத் திருத்திட்டேன்"னு சொன்னேன். டீச்சர் தப்புப் பண்ணினதுல மொத்த வகுப்புக்கும் அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் புதுத் தாள் கொடுத்தேன். வீடு இருக்கு, ஜன்னல் இருக்கு, கீழே ஒரு பேரும் இல்லை, கோடு மட்டும். ஒருத்தி ஆறு ஜன்னல் வேணும்னு கூட ரெண்டு வரைஞ்சுக்கிட்டா. ஒருத்தன் நாய்க்கே பெரிய ஜன்னலைக் கொடுத்துட்டான். நம்ம பையன் முதல்ல கண்ணாடிக்காரரை வரைஞ்சான். மீசைக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டான்.

பக்கத்துப் பெண் எட்டிப் பார்த்துட்டு, "உனக்கு ஏன் அம்மா இல்லை?"ன்னா. எனக்கு வயிறு இறுகிடுச்சு. ஆலோசகர் மேடம் எழுதினதை எல்லாம் மனசுல ஓட்டிக்கிட்டு வாயைத் திறக்கிறதுக்குள்ள அவனே, "எனக்கு ரெண்டு அப்பா"ன்னுட்டான். அவள் யோசிச்சா.

"ரெண்டு பேரும் திட்டுவாங்களா?"

"ஆமா."

"ஐயோ பாவம்"னு சொல்லிட்டுத் தன் பச்சைக் கலர் பென்சிலை அவனுக்குக் கொடுத்தா. பதினொரு மணிக்கு மணி அடிச்சுது, கழித்தல் கணக்குக்குப் போயிட்டோம்.

மூணு பிள்ளை அப்பா எழுதியது:

டீச்சர், புத்தகம், பாடம் என்று வந்தால் என் எதிர்ப்பு அப்படியேதான் இருக்கிறது. அந்தக் காலி ஜன்னல் தாளை மட்டும் இங்கே போட முடியுமா? என் சின்னவள் வகுப்பு மிஸ்ஸிடம் கொடுக்கிறேன். போன வருஷம் அவள் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. எங்கள் வீட்டில் அம்மா ஜன்னல் காலியாகி மூணு வருஷம் ஆகிறது.

ரெண்டாங்கிளாஸ் டீச்சர் எழுதியது:

போட்டுட்டேன் சார், கீழே இருக்கு. கையால வரைஞ்சு ஸ்கேன் பண்ணினது, இடது பக்கம் கூரை கொஞ்சம் சாஞ்சு வரும். அச்சு எடுக்கும்போது பக்கத்தைக் குறுக்குவாட்டில் வச்சுக்கோங்க, அப்போதான் ஜன்னல் வெட்டுப்படாம வரும்.